செடிக்குக் கிட்டிய விஞ்ஞானம்: மலைநாட்டுத் தோட்டங்களில் உயிரியல் ஆராய்ச்சி பயன்பட்ட வரலாறு - ஒரு மதிப்பீடு

மருந்து என்னும் அதிகாரத்தை வகுத்த வள்ளுவர், மருத்துவன் செய்ய வேண்டுவனவற்றை ஒரு வரிசையில் வைத்துச் சொல்லுகின்றார். நோய் இன்னதென்று அறிதல் முதலாவது. அது பிறந்த காரணத்தை அறிதல் இரண்டாவது. அதைத் தணிக்கும் வழியைத் தேர்தல் மூன்றாவது. தேர்ந்த வழியைப் பொருந்துமாறு செய்து முடித்தல் நான்காவது. முதல் மூன்றும் அறிவின்பாற்பட்டவை; நான்காவது செயலின்பாற்பட்டது. ஆய்வுகூடத்தில் கண்ட உயிரியல் உண்மையை வயலுக்கும் நோயாளியின் படுக்கைக்கும் கொண்டுசேர்ப்பது எவ்வாறு என்று இக்காலத்து அறிஞர் பெரிதும் ஆராய்ந்து வருகின்றனர். அவர்கள் புதிதாகக் கண்டதுபோலப் பேசும் இடர்ப்பாடு இந்த நான்காம் படியிலே நிகழும் இடர்ப்பாடேயாகும்.

ஆராய்ச்சியின் பயன் மக்களைச் சென்றடையத் தாமதமாவதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் ஒன்றுண்டு. உண்மை முதிர்ந்து பயனாகக் கனிவதற்குக் காலம் வேண்டும். அவசரப்பட்டு ஆவதொன்றில்லை என்பர். இக்கூற்று எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதைச் சோதித்தற்கு, நம் நாட்டின் மத்திய மலைநாட்டைக் காட்டிலும் தக்க இடம் வேறில்லை. நுவரெலியா, ஹட்டன், தலவாக்கலை, மாத்தளை முதலிய இடங்களைச் சூழ்ந்த தோட்டங்களிலே இரண்டு உயிர்கள் அருகருகே வாழ்ந்து வந்துள்ளன. ஒன்று செடி, மற்றொன்று அச்செடியைப் பேணும் மனிதன். இரண்டையும் நோய்கள் பற்றின. இரண்டின் நோய்களையும் உயிரியலார் ஆராய்ந்தனர். அவ்வாராய்ச்சியின் பயன் எது எதற்கு எவ்வளவு விரைவிற் கிட்டியது என்று ஒப்புநோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கோப்பிச் செடியின் கதையை முதலிற் காண்போம். 1869 ஆம் ஆண்டிலே இலங்கைக் கோப்பித் தோட்டங்களில் இலைகளின் அடிப்புறத்தே செம்மஞ்சள் நிறத் தூள் படிந்து காணப்பட்டது. பேராதனைத் தாவரவியற் பூங்காவின் பணிப்பாளராயிருந்த துவைற்ஸ் அவ்விலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். பங்கசு இயலில் வல்லவரான பேர்க்கிலி அதனைப் புதியதோர் இனமென்று கண்டு பெயரிட்டார். நோய் இன்னதென்பது அவ்வாண்டிலேயே தெரிந்துவிட்டது. ஆயினும் அதன் வாழ்க்கை வரலாற்றை முறையாக ஆராய்வதற்கென மாஷல் வோட் என்னும் இளம் விஞ்ஞானி இலங்கைக்கு வந்தது 1880 ஆம் ஆண்டிலே. இடையிற் கழிந்தவை பதினோராண்டுகள்.

வோட் ஈராண்டு இங்குத் தங்கி அரிய பணி செய்தார். பங்கசின் வித்திகள் காற்றினாற் பரவுகின்றன. இலைமேல் தங்கிய நீர்த்துளியிலே முளைக்கின்றன. இலையின் நுண்டுளைகளின் வழியே உட்புகுகின்றன என்பவற்றை அவர் நிறுவினார். ஒரே பயிர் இடையீடின்றி மலைமலையாகப் பரந்து கிடப்பதே இந்நோய்க்கு விரித்த பாய் என்பதையும் எடுத்துரைத்தார். தோட்டத் துரைமார் அவரிடம் எதிர்பார்த்தது மருந்து. அவர் கொடுத்ததோ நோயின் வரலாறு. ஆதலின் அவர்மீது பலர் அதிருப்தி கொண்டனர். ஆனால், நோயின் வரலாற்றை 1870 ஆம் ஆண்டிலேயே அறிந்து, காற்றைத் தடுக்கும் மரவரிசைகளை நட்டு, வேறு பயிர்களையும் இடையிட்டிருந்தால் அழிவு சிறிதேனும் குறைந்திருக்கலாம். வோட் தந்த அறிவு பிழையானதன்று. அதனைத் தேடத் தொடங்கிய காலமே பிழையானது. கோப்பி மாண்டது. 1867 இல் ஜேம்ஸ் ரெயிலர் லூல்கந்துரைத் தோட்டத்தில் நட்ட தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது.

தேயிலைக்காரர் இப்பாடத்தை மறக்கவில்லை. 1925 ஆம் ஆண்டிலே தேயிலை ஆராய்ச்சி நிலையம் சட்டத்தின்மூலம் நிறுவப்பட்டது. பின்னர் அது தலவாக்கலையிலுள்ள சென் கூம்ஸ் தோட்டத்தில் நிலைபெற்றது. அதன் அமைப்பிலே நம் கவனத்துக்குரிய சிறப்புகள் நான்கு உள. ஏற்றுமதியாகும் தேயிலையின்மீது விதித்த தீர்வையினால் அதன் செலவு நடந்தது; ஆகவே, பயன் பெறுவோரே பணமும் தந்தனர். ஆய்வுகூடம் தோட்டத்தின் நடுவிலேயே அமைந்தது. ஆகவே, கண்ணாடிக் குழாயிற் கண்டதை மறுநாளே மலையிற் செய்து பார்க்க முடிந்தது. கண்டறிந்ததைத் தோட்டந்தோறும் சென்று விளக்குதற்கு ஆலோசகர் இருந்தனர். சொன்னது பலித்ததா என்று திரும்பிச் சென்று பார்க்கும் வழக்கமும் இருந்தது. நிலையான நிறுவனம், உறுதியான பணம், அறிவைக் கொண்டுசேர்க்கும் தூதுவன், மீளச் சென்று சரிபார்க்கும் கண் ஆகிய இந்நான்கும் ஒரு சங்கிலியின் கண்ணிகள் எனலாம்.

இச்சங்கிலி எவ்வாறு தொழிற்பட்டது என்பதற்கு ஓர் உதாரணம் போதும். தேயிலையின் இளங்கொழுந்துகளை நூலாற் பிணைத்துச் சுருட்டி, அச்சுருளுக்குள் இருந்து தின்னும் புழுவொன்று உண்டு. அது ஓர் அந்துப்பூச்சியின் குடம்பி. 1930 களில் அது பெருந்தொல்லை தந்தது. நிலையத்தின் ஆராய்ச்சியாளர் அப்புழுவைக் கொல்லும் நஞ்சைத் தேடுவதற்கு மாறாக, அதற்கு இயற்கையிலுள்ள பகை எதுவென்று தேடினர். ஜாவாவிலே அப்புழுவின் உடலுக்குள் முட்டையிடும் சிறு குளவியினம் ஒன்று இருந்தது. குளவியின் குடம்பி புழுவை உள்ளிருந்து தின்று வளரும், புழு மடியும், புதிய குளவிகள் வெளிப்பட்டு வேறு புழுக்களைத் தேடிச் செல்லும். 1935-36 இல் அக்குளவியைக் கொணர்ந்து மலைநாட்டில் விட்டனர். அது நிலைபெற்றுப் பெருகியது. புழுவின் தொல்லை அடங்கியது. ஓருயிரின் வாழ்க்கை வட்டத்தை அறிந்தமையால் மட்டுமே கிட்டிய வெற்றி இது. உயிரியற் கட்டுப்பாட்டின் வரலாற்றிலே இதற்குச் சிறந்ததோர் இடம் உண்டு.

1946 இலே கொப்புள நோய் என்னும் பங்கசு நோய் இலங்கைத் தேயிலையைப் பற்றியபொழுதும் இச்சங்கிலி விழிப்புடன் இருந்தது. செப்புச் சேர்ந்த மருந்துகளைத் தெளிக்கும் முறை சில ஆண்டுகளுக்குள் தோட்டங்களிற் பரவிற்று. நோய்க்கு ஈடுகொடுக்கும் தாய்ச்செடிகளைத் தெரிந்து, ஓரிலைத் துண்டுகளை வேரூன்றச் செய்து, அவற்றைப் பெருக்கும் முறையும் வளர்ந்தது. தோட்டத்து மக்கள் இன்றும் 'வீ.பி. தேயிலை' என்று வழங்குவது அவ்வாறு பிறந்த செடியையே. கோப்பிக்குப் பதினோராண்டு காத்திருந்த அறிவு, தேயிலைக்குத் தாமதமின்றி வந்தது.

செடியின் விடயத்திலும் தவறே நேரவில்லை என்று எவரும் எண்ணற்க. 1950 களில் தேயிலைத் தண்டைத் துளைக்கும் வண்டினை ஒழிப்பதற்காக டைல்ட்ரின் என்னும் நஞ்சு தெளிக்கப்பட்டது. நஞ்சு வண்டோடு நில்லாது, ஜாவாவிலிருந்து வந்த நன்மை செய்யும் குளவியையும் கொன்றது. அடங்கிக் கிடந்த கொழுந்துச் சுருட்டுப் புழு மீண்டும் கிளர்ந்தெழுந்தது. ஒரு நோய்க்குச் செய்த மருந்து இன்னொரு நோயை வருவித்தது. எனினும், பிழையைக் கண்டு சொல்ல ஆட்கள் இருந்தனர். அவர்கள் சொன்னது நூலேறி நின்றது. அப்பிழை பின்வந்தோர்க்குப் பாடமாயிற்று. மேலே சொன்ன நான்காம் கண்ணியின் அருமை இதனாற் புலனாகும்.

இனி, செடியைப் பேணிய மனிதனின் பக்கம் திரும்புவோம்.

கொழுக்கிப்புழு என்பது ஏறத்தாழ ஒரு சதமமீற்றர் நீளமுள்ள சிறு புழு. சிறுகுடலின் சுவரைப் பற்றிக் குருதியை உறிஞ்சுவது. இலங்கையிற் பெரும்பான்மையாகக் காணப்பட்ட இனத்தின் ஒரு புழு நாளொன்றுக்கு உறிஞ்சும் குருதி ஒரு மில்லிலீற்றரில் நூற்றில் மூன்று பங்கு என்பர். கேட்பதற்கு இஃது அற்பமே. நூறு புழுக்கள் குடலிலே தங்கியிருப்பின் நாளொன்றுக்கு மூன்று மில்லிலீற்றர் போகும். அவை ஆண்டுக்கணக்கில் உயிர்வாழ்வன. குறைந்த உணவு உண்டு, மகப்பேற்றினாலும் மாதவிலக்கினாலும் இரும்புச்சத்தை இழந்துவரும் பெண்ணொருத்திக்கு இந்த இழப்பு குருதிச்சோகையாக முடியும். கூடையைத் தலையிற் கட்டி மலையேறுபவள் பாதிவழியில் மூச்சிரைத்து நிற்பாள். அதனைச் சோம்பல் என்று கணக்கெழுதிய காலமும் ஒன்று இருந்தது.

இப்புழுவை மிலான் நகரத்து மருத்துவர் டுபினி 1838 இலே கண்டார். அது மனித உடலுக்குள் எவ்வழியாகப் புகுகின்றது என்பதோ நெடுநாள் தெரியாதிருந்தது. அசுத்த நீரோடும் மண்ணோடும் வாய்வழியே புகுவதாகவே எல்லோரும் கருதினர். 1898 இலே எகிப்தில் ஆராய்ச்சி செய்துவந்த லூஸ் என்பவரின் கையிலே குடம்பிகள் கலந்த நீர் தற்செயலாகச் சிந்திற்று. அவ்விடத்தில் அரிப்பும் சிவப்பும் உண்டாயின. சில வாரங்களின் பின்னர்த் தம் மலத்திலேயே அப்புழுவின் முட்டைகளை அவர் கண்டார். தோலைத் துளைத்து உட்புகும் குடம்பி, குருதியோடு நுரையீரலை அடைந்து, அங்கிருந்து மூச்சுக்குழலின் வழியே மேலேறி, விழுங்கப்பட்டுக் குடலை அடைகின்றது என்பதை அவர் பின்னர் நிறுவினார்.

லூஸ் கண்டதற்குத் தேயிலை மண்ணிலிருந்தே உறுதி கிடைத்தது என்பது ஈண்டு நோக்கத்தக்கது. அசாம் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராயிருந்த பெந்திலி என்பவர், மழைக்காலத்திலே தொழிலாளரின் பாதங்களில் தோன்றும் அரிப்புப் புண்ணை ஆராய்ந்தார். மண்ணிலுள்ள கொழுக்கிப்புழுக் குடம்பிகள் தோலைத் துளைப்பதனாலேயே அப்புண் உண்டாகின்றது என்று 1902 இலே வெளியிட்டார். ஆகவே அந்த ஆண்டில் மூன்று செய்திகள் ஐயமின்றித் தெரிந்திருந்தன. மலத்தோடு முட்டை வெளியேறும். ஈரமும் வெப்பமும் நிழலும் உள்ள மண்ணிலே அது சில நாட்களில் தொற்றுந் தன்மையுள்ள குடம்பியாக மாறும். வெறுங்காலின் வழியே அது மீண்டும் உடலேறும். மலம் மண்ணிற் சேராவிடின் இவ்வட்டம் அறுந்துபோம். காரணமும் வெளி; தணிக்கும் வழியும் வெளி.

இனி நான்காம் படிக்கு வருவோம். தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர், தலைமன்னார்க் கப்பலேறுவதன் முன் மண்டபம் முகாமிலே தடுத்துவைக்கப்பட்டுப் பரிசோதிக்கப்பட்டனர். 1912 இலே தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவை குறித்தும் அவர்களிடையே பரவும் நோய் குறித்தும் இரண்டு கட்டளைச் சட்டங்கள் பிறந்தன. 1916 இலே அமெரிக்காவின் றொக்பெல்லர் தாபனத்தார் மாத்தளைப் பகுதித் தோட்டங்களிற் கொழுக்கிப்புழு ஒழிப்பு இயக்கத்தைத் தொடங்கினர். பரிசோதிக்கப்பட்ட தொழிலாளரில் மிகப் பெரும்பான்மையோரிடம் புழு இருந்தது. தைமோலும் செனோபோடியம் எண்ணெயும் கொடுத்தனர். 1920 களில் காபன் நாற்குளோரைட்டும் வந்தது. அது ஈரலைக் கெடுப்பது தெரிந்தபின் கைவிடப்பட்டது. மருந்து உண்டவர் பலர் தேறினர்; முகத்தில் குருதி ஓடிற்று; வேலைக்குச் செல்லும் வலிமை வந்தது.

ஆனால், சில மாதங்களிலே புழு திரும்பிவந்தது. வராமல் எவ்வாறிருக்கும்? மருந்து குடலிலுள்ள புழுவையே அகற்றும். லயத்தின் பின்புறத்து மண்ணிலுள்ள குடம்பியை அகற்றாது. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு குடும்பம் வாழ்ந்த லயங்கள் பலவற்றுக்குக் கழிப்பிடமே இருக்கவில்லை. இருந்த இடத்தும் போதியதாக இருக்கவில்லை. இயக்கத்தை நடத்திய மருத்துவர்கள் இதனை அறியாதவர்களல்லர். கழிப்பிடம் இன்றிச் சிகிச்சை நிலையாது என்று அவர்களே வற்புறுத்தினர். தோட்ட நிருவாகங்கள் பல அச்செலவுக்குத் தயங்கின. சிகிச்சையின் செலவு சிறிது. அதன் பயன் உடனே கணக்கிற் தெரியும். கழிப்பிடத்தின் செலவு பெரிது. அதன் பயன் மெல்ல வரும். இவ்வாறு உயிரியல் ஒன்றாகச் சொன்ன இரண்டு வழிகளிலே மலிவானது மட்டும் மலையேறிற்று. பின்னர்த் தாபனத்தாரின் கவனமும் தோட்டங்களை விட்டு அகன்று, 1926 இலே களுத்துறையிற் பிறந்த சுகாதாரப் பிரிவு முறையின்பாற் சென்றது. அம்முறை நாட்டுக்கு நன்மை பயந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் மாத்தளையில் தொடங்கிய வேலை முடியவில்லை.

இவ்விடத்தே ஒரு மறுப்பு எழும். செடி நட்ட இடத்தில் நிற்கும். மருந்தைத் தெளித்தால் ஏற்கும். மனிதனோ தனக்கென விருப்பும் வழக்கமும் உடையவன். கழிப்பிடம் கட்டிக் கொடுத்தாலும் அவன் பயன்படுத்தவேண்டுமே. ஆதலின் செடியையும் மனிதனையும் ஒப்பிடுதல் தகாது என்பர். இம்மறுப்பில் உண்மை இல்லாமலில்லை. தொழிலாளரின் அறியாமையே குற்றம் என்று அக்காலத்தார் எழுதியதும் இதனைப் பற்றிக்கொண்டே. ஆயினும் சிறிது எண்ணிப் பார்க்கவேண்டும். லயத்திலிருந்து சரிவில் இறங்கித் தொலைவிற் கட்டிய கழிப்பிடத்துக்கு, விளக்கும் தண்ணீருமின்றி, மழையிலும் இருளிலும் ஒரு பெண் எவ்வாறு செல்லுவாள்? பல குடும்பங்களுக்குப் பொதுவான ஒன்றினைத் துப்புரவாக்குவது எவர் பொறுப்பு? வழுக்கும் களிமண் சரிவிலே வெறுங்கால் பற்றுவதுபோல மலிவான செருப்புப் பற்றுமா? இவை அறியாமையிற் பிறந்த தயக்கங்களல்ல. அவ்விடத்து வாழ்க்கையை அறிந்ததனாற் பிறந்தவை. செடிக்கு எந்த உயரத்தில், எந்த மண்ணில், எந்த நிழலில் எது பொருந்தும் என்று பரிசோதனைப் பாத்திகள் அமைத்துப் பார்த்தவர்கள், மனிதனுக்கு எத்தகைய கழிப்பிடம் எந்தச் சரிவிற் பொருந்தும் என்று அவ்வளவு பொறுமையோடு பார்த்தனரா? பொருந்துமாறு செய்தல் என்று வள்ளுவர் நான்காம் படியைக் கூறியதன் நுட்பம் இங்கே விளங்கும்.

இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கேட்பவனுக்கே கிடைக்கும் என்பது அரசியலின் இயல்பு. தோட்டத் துரைமாரின் சங்கம் கேட்டது; தேயிலைக்கு நிலையம் கிடைத்தது. தொழிலாளரோ 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தினாற் பெரும்பாலும் நாடற்றவராயினர்; அதனைத் தொடர்ந்து வாக்குரிமையும் இழந்தனர். 1964 இலே சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இரு நாடுகளுக்குமாகப் பங்கிட்டது. எஞ்சியோர்க்கு உரிமை வழங்கும் சட்டம் 2003 வரை காத்திருந்தது. வாக்கில்லாதவன் கழிப்பிடம் கேட்டால் யார் செவிசாய்ப்பர்? குடலிலுள்ள புழுவின் வரலாற்றை எழுதுபவர், தேருநர் இடாப்பின் வரலாற்றையும் கூடவே எழுதவேண்டிய நிலை மலைநாட்டில் உண்டு.

பெந்திலி எழுதித் தொண்ணூறு ஆண்டுகள் கழிந்தன. 1992 இலே பெருந்தோட்டத் துறை முழுவதிலும் சிறுவரிடையேயும் மகப்பேற்று வயதுப் பெண்களிடையேயும் ஓர் ஆய்வு நடந்தது. கொழுக்கிப்புழு, வட்டப்புழு, சாட்டைப்புழு என மண்வழிப் பரவும் புழுக்களில் ஒன்றேனும் உடையவர் நூற்றுக்குத் தொண்ணூற்றுக்கு மேற்பட்டிருந்தனர். காலம் கனிந்தால் அறிவு தானே பயனாகும் என்னும் கூற்றுக்கு இவ்வெண்ணிக்கையைவிட வலிய மறுப்பு வேண்டுவதில்லை.

அதன்பின் நிகழ்ந்தது நன்று. 1994 முதல் 2005 வரை, மூன்று முதல் பதினெட்டு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு ஆண்டில் இருமுறை பூச்சி மருந்து கொடுக்கப்பட்டது. இம்மருந்துகள் பழைய தைமோலைப் போன்றவையல்ல. ஒரு மாத்திரையை மென்று விழுங்கினாற் போதும், உணவின்றிக் கிடக்கவேண்டியதில்லை, பேதிமருந்து வேண்டியதில்லை, நஞ்சாகும் அச்சமும் மிகக் குறைவு. புழுவின் உயிர்க்கலங்களுள் உள்ள நுண்குழாய்களின் அமைப்பைக் குலைத்து, அது வெல்லத்தை உறிஞ்ச முடியாதவாறு செய்து பட்டினியாற் கொல்லும் மருந்துகள் அவை. ஆய்வுகூட உயிரியல் பிள்ளையின் உள்ளங்கைக்கு வந்துசேர்ந்த விதத்துக்கு இதனினும் சிறந்த சான்று காண்பது அரிது.

இயக்கம் நின்று நான்காண்டுகளின் பின்னர், ஐந்து மாவட்டங்களிலுள்ள 114 தோட்டப் பாடசாலைகளில் மாணவரின் மலம் மீண்டும் பரிசோதிக்கப்பட்டது. அவ்வாய்வின் முடிவு 2011 இலே வெளிவந்தது. புழு உடையோர் நூற்றுக்கு 29 ஆகக் குறைந்திருந்தனர். கொழுக்கிப்புழு இரண்டு மாவட்டங்களிற் காணப்படவேயில்லை. ஆயினும், நூற்றுக்கு 11.6 பிள்ளைகளிடம் புழுக்கள் மிதமாகவோ மிகுதியாகவோ இருந்தன. வட்டப்புழுவே பெரிதும் பரவியிருந்தது. தாழ்ந்த உயரமும் தாயின் குறைந்த கல்வியும் மூன்று புழுக்களுக்கும் துணைபோயின என்றும், வீட்டுச் சுகாதார வசதியின் குறைவு வட்டப்புழுவுக்கும் கொழுக்கிப்புழுவுக்கும் துணைபோயிற்று என்றும் ஆய்வாளர் கண்டனர்.

இம்முடிவை இரு விதமாகவும் படிக்கலாம். தொண்ணூற்றிலிருந்து இருபத்தொன்பது என்பது பெருஞ் சாதனை. அதனைக் குறைத்து மதிப்பிடுதல் நன்றியின்மையாகும். அதே வேளையில், மருந்தை நிறுத்தி நான்காண்டானபொழுது புழு எங்கே எஞ்சி நின்றது என்று பார்த்தால், வசதி குறைந்த வீடுகளிலும், கல்வி எட்டாத தாய்மாரிடத்தும் அது நின்றது. மாத்தளை மருத்துவர்கள் நூறாண்டின்முன் வற்புறுத்தியதையே புதிய புள்ளிவிவரம் திரும்பச் சொல்லுகின்றது. மேலும், உயரம் பற்றிய செய்தி உயிரியல் மாணவர் உளங்கொள்ளத் தக்கது. கொழுக்கிப்புழுவின் குடம்பி வெப்பத்தை விரும்புவது. ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவின் குளிர் அதற்கு ஒவ்வாதது. ஆகவே ஒரே மாத்திரையை ஒரே அட்டவணைப்படி எல்லா மலைகளிலும் கொடுப்பது நிருவாகத்துக்கு எளிதாயினும், எந்த மலையில் எந்தப் புழு என்று அறிந்து செய்வதே அறிவைப் பொருந்தச் செய்வதாகும். ஆனால் திரும்பிச் சென்று பார்த்த அச்செயல் போற்றத்தக்கது. செடிக்கு என்றும் இருந்த நான்காம் கண்ணி மனிதனுக்கும் ஒருமுறை கிடைத்தது.

சென்றடையாத அறிவுக்கு ஓர் உதாரணமும் கூறவேண்டும். தேநீரிலுள்ள துவர்ப்புப் பொருள்கள் உணவிலுள்ள இரும்புச்சத்தோடு பிணைந்து, உடல் அதனை ஏற்காதவாறு தடுக்கின்றன. 1975 இலே தென்னாபிரிக்காவில் நடந்த ஆராய்ச்சியொன்று இதனைத் தெளிவாக்கியது. தானிய உணவோடு தேநீர் அருந்தினால், உடல் ஏற்கும் இரும்பு பாதிக்குமேற் குறையக்கூடும். தோட்டத்துப் பெண் காலையில் உண்பது யாது? கோதுமை மா ரொட்டியும் சாயத்தண்ணியும். உலகுக்குத் தேயிலை பறித்துக் கொடுப்பவளின் குருதியை அத்தேயிலையே குறைக்கின்றது. இதற்குப் பரிகாரம் பெருஞ் செலவுடையதன்று. உணவுக்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணிநேரம் விடுவதும், கொய்யா, நெல்லி, தேசிக்காய் போன்றவற்றை உணவோடு சேர்ப்பதும் பெரிதும் உதவும். ஆயின், விடியுமுன் எழுந்து பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டு, பிரட்டுக்கு ஓடுபவளுக்கு அந்த ஒரு மணிநேரம் எங்கிருந்து வரும்? சாயத்தண்ணி அவளுக்குக் குளிருக்குப் போர்வை. பசிக்கும் அதுவே அணை. 'சாப்பாட்டோடு தேநீர் வேண்டாம்' என்று சுவரொட்டி எழுதுவது எளிது. வேலை நேரத்தில் இடைவேளையை மாற்றி, அப்பொழுது தேநீர் கிடைக்கச் செய்வது நிருவாகத்தின் கையில் உள்ளது. தேயிலைச் செடிக்குக் கவ்வாத்துக் காலத்தை விஞ்ஞானத்தோடு பொருத்தத் தெரிந்தவர்களுக்குத் தேநீர் வேளையைப் பொருத்துவது அரிய காரியமாகுமா?

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவது யாது? ஆராய்ச்சி பயனாவதற்குக் காலம் வேண்டும் என்பது அரை உண்மையே. செடியின் நோயும் மனிதனின் நோயும் ஏறக்குறைய ஒரே காலத்து உயிரியலினால் விளங்கின. கொழுக்கிப்புழுவின் வட்டம் தெளிந்தது, தேயிலை ஆராய்ச்சி நிலையம் பிறப்பதற்குக் கால் நூற்றாண்டுக்கு முன்னர். அவ்வாறிருந்தும் பின்பிறந்த அறிவு முன்சென்றது. நிறுவனம், பணம், தூதுவன், மீட்பார்வை ஆகிய நான்கும் செடிக்கு ஒருங்கே வாய்த்தமையும், மனிதனுக்கு ஒன்று வாய்த்த காலத்து மற்றொன்று வாய்க்காமையுமே வேறுபாட்டின் காரணம். தேயிலை ஆராய்ச்சி நிலையத்தைக் குறை கூறுவது இதன் கருத்தன்று. அதன் அமைப்பைப் பார்த்து மனிதனுக்கும் அவ்வாறு செய்க என்பதே கருத்து.

நான்கனுள் தூதுவனைப் பற்றி இம்மலரைப் படிக்கும் மாணவர்க்குச் சிறப்பாக ஒரு சொல். உயிரியல் பயின்று பல்கலைக்கழகம் புகுவோர் நம்முள்ளே பலர். கலத்தின் நுண்ணமைப்பையும் மரபணுவின் எழுத்தையும் கற்கும் அவர்கள், கற்றதனைத் தாய்மொழியிலே தோட்டத்துத் தாயொருத்திக்கு விளங்கச் சொல்ல முடியுமா என்று தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளல் வேண்டும். கலைச்சொற் பட்டியலை மனனஞ் செய்தல் மட்டும் அதற்குப் போதாது. அவள் எந்த நேரத்தில் எழுகின்றாள், எங்கே தண்ணீர் அள்ளுகின்றாள், மழைநாளில் பிள்ளையை எங்கே ஒதுக்குகின்றாள் என்பவற்றையும் அறிந்திருத்தல் வேண்டும். மலைநாட்டிலிருந்தே மருத்துவராகவும் தாதியராகவும் விஞ்ஞானிகளாகவும் வருவோர் தொகை பெருகுவது இதனால் நம்பிக்கை தருகின்றது. தம் வீட்டு வாயிலின் மண்ணை அறிந்தவர்கள் அவர்கள்.

மாஷல் வோட் பதினோராண்டு பிந்தி வந்தார் என்று கோப்பிக்காரர் வருந்தினர். மண்வழிப் புழுவின் விடயத்திலோ அறிவு முந்தியே வந்து, லயத்து வாயிலில் நின்று, உள்ளே அழைப்பாரின்றிக் காத்திருந்தது. அதனை உள்ளே அழைத்துச் செல்லும் பொறுப்பு இன்று கற்றவர்களுடையது.